மடித்து வெட்டாத ரவிக்கை



தையற்காரரிடம் ரவிக்கைத் துணியைக் கொடுத்தால் அவர் முதலில் செய்வது அதை இரண்டாக மடிப்பதுதான். மடித்த துணியின்மேல் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒரே வெட்டில் இரண்டு பக்கங்களையும் எடுத்துவிடுவார். வலப்பக்கத்துக்கு ஓர் அளவு, இடப்பக்கத்துக்கு வேறோர் அளவு என்று யாரும் குறித்து வைப்பதில்லை. உடம்பின் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்ற நம்பிக்கையின்மேல்தான் தையற்கலை முழுவதும் நிற்கிறது. புற்றுநோய் காரணமாக ஒரு மார்பகத்தை எடுத்துவிட்ட பெண்ணுக்கு இந்த நம்பிக்கை பொருந்துவதில்லை. மடித்து வெட்டிய ரவிக்கை அவளுக்கு ஒரு பக்கம் தொய்கிறது. மறு பக்கம் இழுக்கிறது. கழுத்து வெட்டு சாய்ந்து போகிறது. அப்படிப்பட்ட சகோதரிகளுக்கு வசதியான உடையை நம் வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே எப்படித் தைப்பது என்பதைத்தான் இன்று பேச இருக்கிறேன்.

மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது. கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து இதற்காக ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாவற்றையும் மருத்துவர்களும் தாதியரும் கவனித்துக்கொள்கிறார்கள். லயத்துக்குத் திரும்பி வந்த பிறகு என்ன உடுத்துவது என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் பக்கத்து லயத்து அக்கா ஒருவர், அறுவை முடிந்து ஐந்து மாதம் ஆகியும் கணவரின் சட்டையையும் அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டையையுமே அணிந்துகொண்டிருந்தார். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வீடே புறப்பட்டுக்கொண்டிருந்தது. “நான் போகல டீச்சர். ரவிக்கை போட்டா ஒரு பக்கம் பள்ளமா நிக்குது. பேசறவங்க கண்ணு அங்கேயே போகுது” என்றார். காயம் ஆறிவிட்டது, மருத்துவரும் நல்ல சேதி சொல்லிவிட்டார். ஆனாலும் ஒரு ரவிக்கைக்காக அத்தை இல்லாமல் அந்தக் கல்யாணம் நடக்க இருந்தது.

தைப்பதற்கு முன், உடம்பில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் 1890களில் பரப்பிய முறையில் மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். காறை எலும்புக்குக் கீழே பெரிய பள்ளம் விழும். பிற்காலத்தில் தசைகளை விட்டுவைக்கும் முறை வந்தது. தொடக்க நிலையில் கண்டுபிடித்தால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும், முழு மார்பகத்தையும் எடுத்தவர்களைப் போலவே உயிர்வாழ முடியும் என்பதை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினரின் ஆய்வு 1985ஆம் ஆண்டில் காட்டியது. ஆகவே, இன்று நம்மிடம் வரும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே விதமான அறுவை நடந்திருக்காது. ஒருவருக்குச் சிறு குழி மட்டும் இருக்கும். ஒருவருக்கு ஒரு பக்கம் முழுதும் சமதளமாக இருக்கும். இன்னொருவருக்கு இரு பக்கமும் எடுத்திருப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது.

முழு மார்பகம் எடுத்தவருக்குத் தழும்பு பெரும்பாலும் மார்பின் குறுக்காக ஓடி அக்குளை நோக்கிப் போகும். அக்குளில் முடிச்சுகளை எடுத்திருந்தால் மேற்கையின் உட்புறம் மரத்துப் போவதுண்டு. சில இடங்களில் மெல்லிய துணி பட்டாலே முள் குத்துவதுபோல இருக்கும். சில இடங்களில் உணர்ச்சியே இராது. தையற்காரர் இரண்டாவதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மரத்த தோல் எச்சரிக்கை செய்யாது. தடித்த தையல் மடிப்பு ஒன்று நாள் முழுவதும் அழுத்திக்கொண்டே இருக்கும். மாலையில் உடையைக் கழற்றும்போதுதான் புண்ணாகிவிட்டது தெரியும். எனவே தழும்பின்மேலோ அக்குளின் நடுவிலோ தையல் முடிச்சு வரக் கூடாது. கம்பெனிச் சீட்டைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். உள்மடிப்புகளை வெளிப்பக்கம் திருப்பித் தைத்தாலும் தவறில்லை. அழகைவிடத் தோல் முக்கியம்.

முதல் சில வாரங்களுக்குக் கையை மேலே தூக்குவது கடினம். தலைவழியாகப் போடும் பாஜு கூரோங், நைட்டி, பின்னல் சட்டை எதுவும் உதவாது. முன்பக்கம் முழுதும் திறக்கும் தளர்ந்த பருத்திச் சட்டையே வேண்டும். கெபாயா வெட்டு இதற்கு நன்றாகப் பொருந்தும். காயத்திலிருந்து நீர் வடிவதற்காக மெல்லிய குழாயும் அதன் நுனியில் ஒரு சிறு குப்பியும் வைத்து வீட்டுக்கு அனுப்புவதுண்டு. அந்தக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே நடமாட முடியாது. பாவாடையில் ஊக்குப் போட்டு மாட்டினால் குழாய் இழுபடும். சட்டையின் உட்புறம், இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்தில் இரண்டு பைகள் தைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். பழைய வேட்டித் துணியில் இத்தகைய சட்டைகள் மூன்று தைத்து, அறுவைக்குப் போகும் முன்பே கொடுத்துவிடுவது சிறந்தது.

மலைப்பாதையில் கார்ப் பயணம் எப்படி இருக்கும் என்பது தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ வந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் இருக்கைப் பட்டை மார்பை இறுக்கும். பட்டையைப் போடாமல் வருவது ஆபத்து. பட்டைக்கும் உடம்புக்கும் இடையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு தலையணை தைத்துக் கொடுங்கள். அதையே வீட்டில் அக்குளுக்குக் கீழே வைத்துக் கையைச் சாய்த்துக்கொள்ளலாம். கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் தோல் வெயிலில் கன்றியதுபோல இருக்கும். அந்த நாள்களில் பழகிய, மெத்தென்ற பருத்தித் துணி போதும். உள்பாடி அணிவதை மருத்துவமனையில் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

காயம் ஆறிய பிறகு நிரப்பு மார்பகம் பற்றிய பேச்சு வருகிறது. 1952ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு மார்பகம் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு எப்படி வாழ்வது என்று சொல்லித்தர ஆள் இல்லாததைக் கண்ட அவர், தாமே மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று தம்மைப் போன்ற பெண்களைச் சந்திக்கத் தொடங்கினார். கைப்பயிற்சிக்குக் கயிறும் பந்தும், உள்ளே வைத்துக்கொள்ளத் தற்காலிக நிரப்பும் கொண்டு போவார். அந்த இயக்கம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது.

பார்பி பொம்மையை உலகுக்குக் கொடுத்த ரூத் ஹேண்ட்லருக்கு 1970ஆம் ஆண்டில் இடது மார்பகம் எடுக்கப்பட்டது. கடையில் அன்று கிடைத்தவை உருவமற்ற உருண்டைகள். அவர் பேட்டன் மாஸி என்ற கைவினைஞருடன் சேர்ந்து புதிய நிரப்புகளை உருவாக்கி, 1970களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வலக்காலுக்கும் இடக்காலுக்கும் தனித்தனிச் செருப்பு இருப்பதுபோல், வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் தனித்தனியாகச் செய்தார். இதைக் கேட்டவுடன் “இது தெரிந்த விஷயம்தானே” என்று தோன்றும். பொம்மைக்கு அளவெடுத்த ஒரு பெண் தமக்கே அளவெடுக்க நேர்ந்தபோதுதான் அது நடைமுறைக்கு வந்தது என்பதை நான் வியப்போடு நினைப்பதுண்டு.

இன்று கடைகளில் கிடைக்கும் சிலிகோன் நிரப்பு உண்மையான மார்பகத்தைப் போன்ற எடையும் அசைவும் கொண்டது. விலை பல நூறு ரிங்கிட் ஆகும். பெட்டாலிங் ஜெயாவில், 1986ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் நல்வாழ்வுச் சங்கம் நிரப்பும் அதற்கேற்ற உள்பாடியும் பெற உதவுகிறது, விசாரித்துப் பாருங்கள். மலையில் இருப்பவர்களுக்கு இரண்டு செய்திகளைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். விடியற்காலைக் குளிரில் சிலிகோன் பனிக்கட்டிபோல இருக்கும். அணிவதற்கு முன் சற்று நேரம் போர்வைக்குள் வைத்திருப்பது நல்லது. இரண்டாவது, முந்தானைக்குக் குத்தும் ஊக்கு. கை தவறி ஊக்கு உள்ளே இறங்கினால் நிரப்பு பாழாகிவிடும். ஊக்கைத் தோள்மேல் மட்டுமே குத்த வேண்டும்.

வாங்க இயலாதவர்கள் துணியில் செய்துகொள்ளலாம். நூலில் பின்னியும் செய்யலாம். அமெரிக்காவின் பெல்லிங்ஹாம் நகரில் 2011ஆம் ஆண்டில் மார்பகம் எடுக்கப்பட்ட பார்பரா டெமொரஸ்டுக்கு ஒரு தோழி நூலில் பின்னிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்த குழு, பின்னிய நிரப்புகளை இலவசமாகவே கொடுத்துவருகிறது. இந்தியாவிலும் தொண்டர்கள் அதே முறையில் பின்னிக் கொடுக்கிறார்கள். மேசை விரிப்புக்குக் கொக்கிப் பின்னல் போடத் தெரிந்த நம் தோட்டத்துப் பெண்களுக்கு இது பெரிய வேலையே இல்லை.

துணியில் செய்யும் முறையைச் சொல்கிறேன். மற்ற மார்பகத்தின் அடிவட்டத்தைத் தாளில் வரைந்துகொண்டு, அக்குள் பக்கம் சற்று நீட்டி, நீர்த்துளி வடிவமாக ஆக்குங்கள். எந்தப் பக்கத்துக்குச் செய்கிறீர்களோ அந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி தாளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உடம்பில் படும் அடித்துண்டு தட்டையாக, மெத்தென்ற பருத்தியில் இருக்கட்டும். மேல்துண்டை விளிம்பில் அரை அங்குலம் பெரிதாக வெட்டி, அடிப்பக்கத்தில் இரண்டு டார்ட் பிடித்தால் குவிந்து வரும். உள்ளே தலையணைக்குப் போடும் செயற்கைப் பஞ்சை உதிர்த்து, இறுக்காமல் நிரப்புங்கள். நம் வீடுகளில் இருக்கும் இலவம்பஞ்சு வேண்டாம். ஈரம் பட்டால் கட்டி கட்டியாகிவிடும். இந்த மலையின் பனியிலும் மழையிலும் லேசில் காயாது. அரிசி, தானியம் போடுகிறவர்களும் உண்டு. இங்குள்ள ஈரப்பதத்தில் அவை பூசணம் பிடித்து வண்டு வைக்கும்.

பஞ்சு மட்டும் இருந்தால் நிரப்பு இலேசாகி, நடக்க நடக்க மேலே ஏறிக் காறை எலும்பின் அருகே வந்து நிற்கும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பலர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இதற்கு எடை வேண்டும். மீன் தொட்டியில் போடும் வழவழப்பான கண்ணாடிக் கற்களைச் சிறு துணிப்பையில் கட்டி, நிரப்பின் கீழ் விளிம்பில், நாலாபுறமும் பஞ்சு சூழும்படி வையுங்கள். ஈயக் குண்டு வேண்டாம். எவ்வளவு எடை? பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸை இங்கே அழைக்கலாம். பெரிய தட்டின்மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, வெதுவெதுப்பான நீரை விளிம்பு வரை ஊற்றி, அந்தப் பெண் குனிந்து மற்ற மார்பகத்தை அதில் அமிழ்த்தினால், வெளியே வழிந்த நீரின் அளவே மார்பகத்தின் கன அளவு. மார்பகத்தின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திதான் என்பதால், 400 மில்லிலிட்டர் வழிந்தால் எடை ஏறக்குறைய 400 கிராம். தனி அறையில், தாமே செய்துகொள்ளக்கூடிய காரியம் இது. துணி நிரப்புக்கு அந்த எடை முழுவதும் தேவையில்லை. பாதி இருந்தாலே இடத்தில் நிற்கும் என்பது என் கணிப்பு. கற்பையைக் கழற்றும்படி அமைத்து, ஒன்றுக்கு இரண்டாகச் செய்து வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றதை அணியலாம்.

நிரப்பைத் தாங்க உள்பாடிக்குள் பை வேண்டும். தோள்பட்டை அகலமாகவும், அக்குள் பக்கம் உயரமாகவும், அடிப்பட்டை இரண்டு விரற்கடைக்குக் குறையாமலும் உள்ள கம்பியில்லாத உள்பாடியைத் தேர்ந்தெடுங்கள். அதன் உட்புறத்தில் மெல்லிய பின்னல் பருத்தித் துணியை வைத்து மூன்று பக்கம் தைத்து, அக்குள் பக்கம் திறந்து விட்டால் பை தயார். பழைய உள்பாடியிலேயே ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.

இனி ரவிக்கை. உள்பாடியும் நிரப்பும் அணிந்த பிறகே அளவெடுக்க வேண்டும்; இந்த வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும். கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வரை ஒரு நூலைத் தொங்கவிட்டு, அதை நடுக்கோடாக வைத்து, வலம் இடம் தனித்தனியே குறியுங்கள். நான் சொன்ன அந்த அக்காவுக்கு இடப்பக்கம் அறுவை. நடுக்கோட்டிலிருந்து பக்கத் தையல் வரை வலத்தில் 10½ அங்குலம், நிரப்பு வைத்தும் இடத்தில் 9¾. தோளிலிருந்து மார்பின் மேலாக இடுப்பு வரை வலத்தில் 15½, இடத்தில் 15. மேற்கைச் சுற்று மட்டும் நேர்மாறாக வலத்தில் 11, இடத்தில் 12. நிணநீர் முடிச்சுகள் போனதால் அந்தக் கை சற்று வீங்கியிருந்தது. மார்பு சிறுத்த பக்கத்தில் கை பெருத்திருக்கிறது. மடித்து வெட்டும் தையற்காரர் எந்தப் பக்கத்தை அளந்தாலும் மறுபக்கம் கெட்டுப்போகும் என்பது இப்போது விளங்கும்.

வீங்கும் கையை மாலையில் அளப்பது நல்லது. பகல் முழுதும் புழங்கிய பிறகு வீக்கம் கூடியிருக்கும். கையை ஒட்டிப் பிடிக்கும் ரவிக்கைக் கைதான் நம் தையற்காரர்களின் பெருமை. அந்தப் பெருமையை இங்கே விட்டுவிட வேண்டும். அளவுக்கு மேல் ஒன்றரை அங்குலம் தளர்த்தி, உள்ளே ஓர் அங்குலம் பிரித்து விடவும் துணி வையுங்கள். கை ஓரத்தில் எலாஸ்டிக் கூடாது.

அக்குளில் இறுகக் கூடாது என்பதற்காகச் சிலர் கைக்குழியை ஆழமாக வெட்டிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் சேர்ந்து மேலே ஏறும். கைக்குழியைச் சாதாரண உயரத்திலேயே வைத்து, அக்குளில் ஒரு சதுரத் துண்டைக் கோணவாட்டில் பொருத்துவதே சரியான வழி. பாஜு கூரோங்கில் கெகெக் என்று சொல்கிறார்களே, அதே துண்டுதான். கையும் தாராளமாக ஏறும். நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் வந்து அக்குளைக் குத்துவதும் தீரும். மலாய்க்காரத் தையற்பெண்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் காட்டித் தருவார்கள்.

நிரப்பு மார்பகத்தின் இடத்தை நிரப்புமே தவிர, காறை எலும்பின் கீழுள்ள பள்ளத்தை நிரப்பாது. ஆகையால் முன்கழுத்தை ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ ஏற்றி வைக்க வேண்டும். குனிந்தாலும் உள்பாடியின் பை தெரியக் கூடாது. பின்கழுத்தில் அவர் ஆசைப்படும் வடிவம் வைக்கலாம். முதுகுக்கு எந்த நோயும் வரவில்லை! கொக்கிகள் முன்பக்கமே இருக்கட்டும். முதலில் செய்தித்தாளில் முழு முன்பாகத்தை, மடிக்காமல், வரைந்து வெட்டுங்கள். பிறகு பழைய துணியில் தைத்துப் போட்டுப் பார்த்து, அதன் பின்னரே பட்டில் கை வைக்கலாம். அக்காவின் ரவிக்கைக்கு இரண்டு முறை பழைய துணியில் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்பே தயாராகிவிட்டது.

சேலை கட்டும் முறையும் உதவும். நம் வழக்கப்படி முந்தானை இடத்தோளில் விழுவதால் இடப்பக்க அறுவை தானாகவே மறையும். வலப்பக்கம் என்றால், முந்தானையை ஒற்றை மடிப்பாக விரித்து விடலாம்; குஜராத்திப் பெண்கள்போல் பின்னாலிருந்து வலத்தோள் வழியாக முன்னே கொண்டு வரலாம்.

நிரப்பு எதுவும் வேண்டாம் என்கிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தக் கூடாது. “இப்படியே இருந்துட்டுப் போறேன்” என்றால் அந்தப் பக்கம் டார்ட் பிடிக்காமல் தட்டையாக வெட்டி, மிகுந்த துணியைப் பக்கத் தையலில் எடுத்துவிட்டு, மேலே நெருக்கமான பூக்கள் போட்ட துணியோ, தோளிலிருந்து இறங்கும் தளர்ந்த மடிப்புகளோ கொடுத்தால் ஏற்றத்தாழ்வு கண்ணில் படாது. ஒற்றை நிறப் பளபளப்புத் துணி ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

மருத்துவர் அனுமதித்து வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். பறிக்கும் இயந்திரமும் கத்தரியும் வந்துவிட்டாலும், தோளில் சுமை மாட்டுவது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. மெல்லிய கயிறு தோளில் பதியும்; அதற்கு நான்கு விரல் அகலத்தில் பஞ்சு வைத்த உறை தைத்துப் போடுங்கள். மழைத் தாளை அக்குளில் இறுக்கிக் கட்டாமல் இடுப்பில் கட்டுங்கள். குளிருக்குத் தலைவழியாகப் போடும் கம்பளிச் சட்டையைவிட, முன்பக்கம் பொத்தான் வைத்ததே வசதி. முள்ளும் கிளையும் கீறாமல் இருக்கக் கையுறையும் நீண்ட கையும் வேண்டும். கை திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கினால் அதைத் தையலால் சரிசெய்ய முடியாது. அன்றே தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தையற்கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சகோதரிகள் கடை வாசலில் நின்று தங்கள் குறையைச் சொல்ல மாட்டார்கள்; துணியை நீட்டிவிட்டுத் தயங்குவார்கள். ஆண் தையற்காரர் என்றால் மனைவியோ மகளோ அளவெடுக்கட்டும். உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையும், நீண்ட நேரம் நிற்க முடியாதவருக்கு ஒரு நாற்காலியும் இருக்கட்டும். அளவுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே காரணம் எதையும் எழுதாமல், வலம், இடம் என்று இரண்டு வரிசை போட்டு எண்களை மட்டும் எழுதுங்கள். உடல் எடையும் கை வீக்கமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அடுத்த தீபாவளிக்குத் துணி கொண்டு வரும்போது பழைய அளவில் வெட்டாமல் இரு பக்கமும் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.